சார்பின் பெருமம், சிறுமம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் இந்தப் பாடத்தை நடத்தும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வகையிடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாடநூலில் எக்ஸ் இருக்கும் இடத்தில் இங்கே க இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெருமம் என்பது க-வின் மதிப்பா, சார்பின் மதிப்பா?

சார்பின் மதிப்பு. க³ − 3க என்ற சார்புக்கு க = −1 என்ற இடத்தில் பெருமம் கிடைக்கிறது; பெருமம் 2. "பெருமம் −1" என்று எழுதினால் தவறு. கேள்வியில் "எந்த இடத்தில்" என்று கேட்டால் −1, "பெரும மதிப்பு யாது" என்று கேட்டால் 2, "புள்ளி" என்று கேட்டால் (−1, 2). கணக்கு முழுவதையும் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் இதைக் கோட்டைவிடுபவர்கள் நிறையப் பேர்.

வகைக்கெழுவை ஏன் 0-க்குச் சமப்படுத்துகிறோம்?

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இடைவெளியின் உள்ளே ஏதோ ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சாய்வு மிகை எண் என்றால், வலப்பக்கம் துளி நகர்ந்தாலே சார்பின் மதிப்பு கூடிவிடும். அப்படியானால் அந்தப் புள்ளி பெருமம் இல்லை. சாய்வு குறை எண் என்றால் இடப்பக்கம் நகர்ந்தால் கூடும். அப்போதும் பெருமம் இல்லை. இரண்டும் அடிபட்டுப் போனால் மிச்சம் இருப்பது 0 ஒன்றுதான். சிறுமத்துக்கும் இதே வாதத்தைத் திருப்பிப் போட்டால் போதும்.

இந்த வாதத்தில் மூன்று விஷயங்கள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இரண்டு பக்கமும் நகர இடம் இருக்க வேண்டும், அதாவது புள்ளி இடைவெளியின் முனையில் இருக்கக் கூடாது. இரண்டு, அங்கே வகைக்கெழு என்று ஒன்று இருக்க வேண்டும். மூன்றுதான் முக்கியம்: பெருமமாக இருந்தால் வகைக்கெழு 0 என்றுதான் நிரூபித்தோமே தவிர, 0 ஆக இருந்தால் பெருமம் என்று எங்கேயும் சொல்லவில்லை. வகைக்கெழுவை 0 ஆக்கிக் கிடைப்பவர்கள் வேட்பாளர்கள் மட்டுமே. இந்தப் பக்கத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை மறப்பதால் வருபவை.

இந்த எண்ணம் பிரான்ஸின் பியர் டி ஃபெர்மாவுடையது. ஒரு கோட்டுத்துண்டை இரண்டாக வெட்டி, அந்த இரண்டு துண்டுகளின் பெருக்கல்பலன் மிகப் பெரியதாக வரச் செய்வது எப்படி என்பது அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. நீளம் 20 என்றால் க(20 − க); வகையிட்டால் 20 − 2க; க = 10, பெருக்கல்பலன் 100. இதை நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவர் காலத்தில் வகையிடல் என்ற பெயரே இல்லை. க-வுக்குப் பதிலாக அதைவிடச் சற்றே பெரிய ஓர் எண்ணைப் போட்டு, இரண்டு மதிப்புகளையும் ஏறக்குறையச் சமம் என்று எழுதி, அந்தச் சிறு வித்தியாசத்தால் வகுத்து, பிறகு அதையே தூக்கி எறிந்தார். 1638-இல் இது பிரெஞ்சுத் தத்துவவாதியும் கணிதவியலாளருமான தெக்கார்த்தின் கைக்குப் போனபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய சண்டையே நடந்தது. லைப்னிட்ஸ் 1684-இல் வெளியிட்ட முதல் நுண்கணிதக் கட்டுரையின் தலைப்பிலேயே பெருமமும் சிறுமமும் இருக்கின்றன. பாடநூலில் இது "வகையிடலின் பயன்பாடு" என்று பின்னால் வருகிறது. வரலாற்றில் வகையிடல் வளர்ந்ததற்கே இது ஒரு பெரிய காரணம்.

0 வந்துவிட்டால் பெருமமோ சிறுமமோ ஏதாவது ஒன்று நிச்சயம் உண்டுதானே?

இல்லை. க³ என்ற சார்பின் வகைக்கெழு 3க². அது க = 0-இல் 0. ஆனால் க³ இடமிருந்து வலம் ஏறிக்கொண்டேதான் போகிறது. 0-இல் ஒரு கணம் தட்டையாகி மறுபடி ஏறுகிறது. அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை, வளைவரை வளையும் பக்கம் மாறுகிற வளைவு மாற்றப் புள்ளிதான் இருக்கிறது.

வகைக்கெழு 0 ஆகாத இடத்தில் பெருமம், சிறுமம் வருமா?

வரும். க-வின் மட்டு மதிப்பை, அதாவது |க|-வை எடுத்துக்கொள்ளுங்கள். 0-இல் அதன் மதிப்பு 0, மற்ற எல்லா இடத்திலும் 0-ஐ விட அதிகம். சிறுமம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. ஆனால் வகைக்கெழு இடப்பக்கம் −1, வலப்பக்கம் 1. 0-இல் வகைக்கெழுவே கிடையாது. "வகைக்கெழு = 0" என்று சமன்பாடு எழுதி எவ்வளவு நேரம் தீர்த்தாலும் இந்தப் புள்ளி மாட்டாது.

அதனால்தான் மாறுநிலை எண் என்பதன் வரையறையில் இரண்டு வகையும் சேர்த்திருக்கிறார்கள்: வகைக்கெழு 0 ஆகும் இடங்கள், சார்பு இருந்தும் வகைக்கெழு இல்லாத இடங்கள். மட்டு, வர்க்கமூலம், கனமூலம் போன்றவை கேள்வியில் கண்ணில் பட்டால் இரண்டாவது வகையைத் தேடுங்கள். சார்பே வரையறுக்கப்படாத இடம் இதில் சேராது. 1/க-வுக்கு 0 ஒரு மாறுநிலை எண் இல்லை.

மூடிய இடைவெளி கொடுத்தால் என்ன செய்ய வேண்டும்?

இதுதான் இருப்பதிலேயே எளிய வகை. எந்தச் சோதனையும் வேண்டாம். மாறுநிலை எண்களைக் கண்டுபிடித்து, இடைவெளிக்கு வெளியே இருப்பவற்றைத் தள்ளிவிட்டு, மீதி உள்ளவற்றிலும் இரண்டு முனைகளிலும் சார்பின் மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். பெரியது மீப்பெரு பெருமம், அதாவது இடைவெளி முழுவதிலும் மிகப் பெரிய மதிப்பு; சிறியது மீச்சிறு சிறுமம்.

க³ − 3க, இடைவெளி [−2, 3] என்று வைப்போம். வகைக்கெழு 3க² − 3. மாறுநிலை எண்கள் −1, 1. இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. இனி மதிப்புகள்:

க = −2 என்றால் −8 + 6 = −2
க = −1 என்றால் −1 + 3 = 2
க = 1 என்றால் 1 − 3 = −2
க = 3 என்றால் 27 − 9 = 18

மீப்பெரு பெருமம் 18, அதுவும் முனையில். உள்ளே கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த 2 எடுபடவே இல்லை. மீச்சிறு சிறுமம் −2. அது −2, 1 என்று இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டையும் எழுத வேண்டும். சிறுமம் என்ற மதிப்பு ஒன்றுதான், அது வரும் இடங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

முனையில் வகைக்கெழு 0 ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. 3-இல் வகைக்கெழு 24. வலப்பக்கம் நகர இடம் இல்லாததால் ஏற்றம் அங்கேயே நின்றுபோகிறது.

இடஞ்சார்ந்த பெருமத்துக்கும் மீப்பெரு பெருமத்துக்கும் என்ன வித்தியாசம்?

தெருவிலேயே உயரமான ஆள் ஊரிலேயே உயரமானவராக இருக்க வேண்டியதில்லை, அதுதான். இடஞ்சார்ந்த பெருமம் தன் அக்கம்பக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டு வெல்கிறது. மீப்பெரு பெருமம் சார்பகம் முழுவதோடும் ஒப்பிட்டு.

ஒரு வேடிக்கையையும் பாருங்கள். க + 1/க என்ற சார்பின் வகைக்கெழு 1 − 1/க². மாறுநிலை எண்கள் 1, −1. க = −1-இல் இடஞ்சார்ந்த பெருமம், மதிப்பு −2. க = 1-இல் இடஞ்சார்ந்த சிறுமம், மதிப்பு 2. சிறுமம் பெருமத்தைவிடப் பெரியது! நடுவில் 0-இல் சார்பு உடைந்து இரண்டு தனித்தனித் துண்டுகளாகக் கிடப்பதால் இப்படி. இரண்டு மதிப்புகளைப் பார்த்து "பெரியது பெருமம், சிறியது சிறுமம்" என்று எழுதிவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கில் தலைகீழாக எழுதுவார்கள். ஒப்பிட்டு முடிவு சொல்லும் வழி, மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு மட்டும்.

எல்லாச் சார்புக்கும் மீப்பெரு பெருமம் இருக்குமா?

மூடிய இடைவெளி, அதில் தொடர்ச்சியான சார்பு: இரண்டும் இருந்தால் மீப்பெரு பெருமமும் மீச்சிறு சிறுமமும் உறுதி. வெயர்ஸ்ட்ராஸ் பெயரில் வழங்கும் தேற்றம் இது. ஒன்று குறைந்தாலும் உத்தரவாதம் போய்விடும். க என்ற எளிய சார்பையே (0, 1) என்ற திறந்த இடைவெளியில் பாருங்கள். 0.9, 0.99, 0.999 என்று போய்க்கொண்டே இருக்கலாம். 1 மட்டும் சேர்த்தி இல்லை. எதைச் சொன்னாலும் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கும். பெருமம் இல்லை என்பதே விடை. அப்படி எழுதத் தயங்க வேண்டாம்.

முதல் வகைக்கெழுச் சோதனையா, இரண்டாம் வகைக்கெழுச் சோதனையா?

இரண்டாம் வகைக்கெழு எடுப்பது எளிது என்றால் அது. பல்லுறுப்புக் கோவைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடலாம்: மாறுநிலை எண்ணில் இரண்டாம் வகைக்கெழு குறை எண் என்றால் இடஞ்சார்ந்த பெருமம், மிகை எண் என்றால் இடஞ்சார்ந்த சிறுமம். "மிகை என்றால் பெருமம்" என்று மாற்றிப் போடுவோர் க²-ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் வகைக்கெழு 2, மிகை எண். 0-இல் அதற்குச் சிறுமம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வகுத்தல், வர்க்கமூலம் எல்லாம் கலந்த சார்பை இரண்டு முறை வகையிட்டால் அரைப் பக்கம் போகும், நடுவில் எங்கேயாவது குறி மாறிவிடும். அங்கே முதல் வகைக்கெழுவின் குறியைப் பார்ப்பதே மேல். மாறுநிலை எண்ணைக் கடக்கும்போது மிகையிலிருந்து குறைக்கு மாறினால் பெருமம். குறையிலிருந்து மிகைக்கு மாறினால் சிறுமம். மாறவே இல்லை என்றால் எதுவும் இல்லை. வகைக்கெழுவே இல்லாத கூர்முனையிலும் இது வேலை செய்யும். சார்பு அங்கே தொடர்ச்சியாக இருந்தால் போதும். ஒன்றை மட்டும்தான் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதையே பழகுங்கள் என்பேன்.

இரண்டாம் வகைக்கெழுவும் 0 ஆகிவிட்டால்?

சோதனை வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். "வளைவு மாற்றப் புள்ளி" என்று உடனே எழுதிவிடக் கூடாது. க⁴, −க⁴, க³ மூன்றுக்கும் 0-இல் முதல் வகைக்கெழுவும் 0, இரண்டாம் வகைக்கெழுவும் 0. ஆனால் முதலாவதற்குச் சிறுமம், இரண்டாவதற்குப் பெருமம், மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. முதல் வகைக்கெழுச் சோதனைக்குத் திரும்புங்கள்.

சொற்கணக்கு வந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

படத்தில் தொடங்குங்கள். பிறகு எது பெரிதாக வேண்டும் அல்லது சிறிதாக வேண்டும் என்பதை ஒரு சமன்பாடாக எழுதுங்கள். அதில் இரண்டு மாறிகள் இருந்தால், கேள்வியில் கொடுத்த நிபந்தனையை வைத்து ஒன்றை நீக்குங்கள். அடுத்ததாக, வகையிடுவதற்கு முன்பே, மாறி எதிலிருந்து எது வரை போகலாம் என்று எழுதிவிடுங்கள். பலர் விட்டுவிடும் வரி இதுதான்.

பழக்கமான கணக்கு ஒன்று: 24 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகரத்தின் நான்கு மூலையிலும் ப செ.மீ. சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடக்கி, மூடியில்லாத பெட்டி செய்கிறோம். கொள்ளளவு மிகப் பெரியதாக இருக்க ப எவ்வளவு?

கொள்ளளவு = ப(24 − 2ப)². ப 0-க்கும் 12-க்கும் நடுவில். 12 வெட்டினால் தகரமே மிஞ்சாது. வகையிட்டால் (24 − 2ப)(24 − 6ப). 0 ஆகும் இடங்கள் 12, 4. எல்லையை முன்பே எழுதியவருக்கு 12 என்ன என்று யோசிக்க வேண்டியதில்லை. அங்கே கொள்ளளவு 0. விடை 4; கொள்ளளவு 4 × 16 × 16 = 1024 கன செ.மீ.

இங்கேயே இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். கை தவறி 3.9 வெட்டினால் 1023.5, 4.1 வெட்டினாலும் ஏறக்குறைய 1023.5. ஒரு மில்லிமீட்டர் பிசகுக்கு 1024-இல் அரை கன செ.மீ.தான் போகிறது. பெருமத்தின் அருகே சாய்வு 0-ஐ ஒட்டியே இருப்பதால் வரும் சலுகை இது. அடுத்த கேள்வியில் இதற்கு வேலை இருக்கிறது.

இதெல்லாம் நிஜத்தில் யாருக்காவது தேவைப்பட்டதா, இல்லை தேர்வுக்கு மட்டும்தானா?

கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று சொன்ன யோகான்னஸ் கெப்ளருக்குத் தேவைப்பட்டது, அதுவும் சொந்தக் கல்யாணத்தில். 1613-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருந்தபோது அவருக்கு இரண்டாம் திருமணம். வீட்டுக்கு ஒயின் பீப்பாய்கள் வந்து இறங்கின. விற்க வந்தவர், படுக்கவைத்த பீப்பாயின் வயிற்றின் நடுவே இருக்கும் துளை வழியாக ஓர் அளவுகோலைச் சாய்வாக விட்டு, அது முனைத்தட்டின் அடி விளிம்பைத் தொடும்வரை இறக்கி, கோலில் உள்ள அளவைப் படித்து அதற்குரிய விலையைச் சொன்னார். பீப்பாய் குட்டையா, நீளமா, ஒல்லியா, பருத்ததா என்று பார்க்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் அதே கோல். இது எப்படிச் சரியாக வரும் என்று கெப்ளருக்கு உறுத்தியது. 1615-இல் ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

நாமும் போட்டுப் பார்க்கலாம். நடுவயிறு புடைத்திருப்பதை மறந்துவிட்டு பீப்பாயை நேர் உருளை என்று வைத்துக்கொள்வோம். நீளம் உ, விட்டம் வி, கோல் காட்டும் அளவு 60 செ.மீ. துளை நடுவில் இருப்பதால் கோல், ஒரு பக்கம் வி, இன்னொரு பக்கம் உ/2 உள்ள செங்கோண முக்கோணத்தின் கர்ணம். ஆகவே வி² = 3600 − உ²/4. கொள்ளளவு = (பை/4) × வி² × உ = (பை/4) × (3600உ − உ³/4). உ 0-க்கும் 120-க்கும் நடுவில்.

வகையிட்டு 0 ஆக்கினால் 3600 = 3உ²/4; உ = 69.3 செ.மீ., வி = 49 செ.மீ. நீளம், விட்டத்தைப் போல √2 மடங்கு. கொள்ளளவு சுமார் 130.6 லிட்டர்.

அதே கோல், அதே 60, ஆனால் 110 செ.மீ. நீளமுள்ள ஒல்லிப் பீப்பாய் என்றால்? வி 24 செ.மீ.தான் வரும், கொள்ளளவு சுமார் 49.7 லிட்டர். ஒரே விலைக்கு 130 லிட்டரும் கிடைக்கலாம், 50 லிட்டரும் கிடைக்கலாம்! கெப்ளரின் சந்தேகம் நியாயமானதுதான்.

ஆனால் ஆஸ்திரியப் பீப்பாய்களின் வடிவம் இந்தப் பெரும விகிதத்துக்கு அருகிலேயே இருந்ததை கெப்ளர் கவனித்தார். அருகில் இருந்தால் என்ன ஆகும்? நீளம் 65 என்றால் 129.9 லிட்டர், 74 என்றால் 129.7 லிட்டர். பீப்பாய் செய்பவர் நாலைந்து செ.மீ. கூட்டியோ குறைத்தோ செய்தாலும் கோல் ஒரு லிட்டருக்கு மேல் பொய் சொல்லாது. பெருமத்தை ஒட்டி இரண்டு பக்கமும் மாற்றம் முதலில் உணர முடியாத அளவுக்குத்தான் இருக்கும் என்பதை கெப்ளர் சொல்லியே வைத்தார். நாம் இன்று "பெருமத்தில் வகைக்கெழு 0" என்று எழுதுவதன் உள்ளடக்கம் இதுதான். ஃபெர்மாவின் முறை தெக்கார்த்தை எட்டுவதற்கு 20 ஆண்டுகளுக்கும் முன்னால், வகையிடல் எதுவும் இல்லாமல், கணக்குப்போட்ட அட்டவணையைப் பார்த்தே பிடித்துவிட்டார்.

முனைகளே இல்லாத கணக்கில் எதோடு ஒப்பிடுவது?

1 லிட்டர் பிடிக்கும், மூடியுள்ள உருளை டப்பாவுக்குக் குறைந்த தகரம் எவ்வளவு என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் ஆ என்றால் மேற்பரப்பு 2 × பை × ஆ² + 2000/ஆ. ஆ 0-க்கு மேல் எதுவாகவும் இருக்கலாம், முனை இல்லை. வகையிட்டால் ஆ³ = 500/பை, ஆ சுமார் 5.42 செ.மீ., உயரம் சுமார் 10.84 செ.மீ. உயரமும் விட்டமும் சமம்.

இது மீச்சிறு சிறுமம் என்று எப்படிச் சொல்வது? ஆ 0-ஐ நெருங்கினால் 2000/ஆ எகிறுகிறது. ஆ மிகப் பெரிதானால் முதல் உறுப்பு எகிறுகிறது. இரண்டு ஓரமும் மேலே போகும் தொடர்ச்சியான சார்புக்கு நடுவில் எங்கோ சிறுமம் இருந்தாக வேண்டும். மாறுநிலை எண்ணோ ஒன்றே ஒன்று. அப்போது அதுதான். இந்த இரண்டு வரியை விடையில் எழுதுங்கள். இடைவெளியில் ஒரே ஒரு மாறுநிலை எண் இருந்து, அது இடஞ்சார்ந்த சிறுமமாகவும் இருந்தால் மீச்சிறு சிறுமமும் அதுவே என்ற விதியையும் சொல்லலாம்.

கடையில் இருக்கும் குளிர்பான டப்பா இந்த விகிதத்தில் இல்லையே என்றால், இல்லைதான். தட்டையான தகட்டிலிருந்து வட்டம் வெட்டும்போது விரயம், மூடிக்குத் தடித்த தகடு, கையில் பிடிக்க வசதி என்று நம் சமன்பாட்டில் இல்லாத செலவுகள் அங்கே உண்டு.

மிகக் குறைந்த தூரம் கேட்டால் வர்க்கமூலத்தை வகையிட்டுச் சலித்துப்போகிறது.

வகையிட வேண்டாம். தூரம் குறைந்தால் தூரத்தின் வர்க்கமும் குறையும். வர்க்கத்துக்குச் சிறுமம் கண்டுபிடித்துக் கடைசியில் மூலம் எடுங்கள். கடைசியில் மூலம் எடுக்க மறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

விடை 2.47 என்று வருகிறது, ஆனால் முழு எண்தான் வேண்டும். 2 என்று எழுதலாமா?

கூடாது, இரண்டு பக்கத்து முழு எண்களையும் போட்டுப் பாருங்கள். க + 6.1/க-வின் சிறுமம் √6.1, அதாவது சுமார் 2.47-இல். பக்கத்து முழு எண் 2 போலத் தெரிகிறது. ஆனால் 2-இல் மதிப்பு 5.05, 3-இல் 5.03. விடை 3. வளைவரை இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. தூரத்தை வைத்து முடிவு செய்தால் இப்படி மாட்டிக்கொள்ளலாம். லாரி எத்தனை, எத்தனை தவணை என்ற மாதிரிக் கணக்குகளில் இது வரும்.

வகையிடாமலே பெருமம் காண முடியுமா?

இருபடிக் கோவை என்றால் வர்க்கப் பூர்த்தி போதும்: க(20 − க) = 100 − (க − 10)². வர்க்கம் 0-க்குக் கீழே போகாது, ஆகவே பெருமம் 100. முடிந்தது. மிகை எண்களுக்குக் கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்பதை வைத்தும் பலவற்றை முடிக்கலாம். க + 1/க-வுக்கு க மிகை எண்ணாக இருந்தால் சிறுமம் 2 என்பது ஒரே வரி. சைன் க + காஸ் க-வின் பெருமம் √2 என்பதும் அப்படித்தான். நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

வகைக்கெழுவை 0 ஆக்கிய சமன்பாட்டையே தீர்க்க முடியவில்லை என்றால்?

பாடநூலில் அப்படி வராது. வெளியே அதுதான் சகஜம். க²/2 − சைன் க என்ற சார்பைப் பாருங்கள். வகைக்கெழு க − காஸ் க. க = காஸ் க என்பதற்கு இயற்கணிதத்தில் வழி இல்லை. கால்குலேட்டரை எடுத்து, ரேடியன் நிலையில் வைத்து, 1 என்று போட்டு காஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். 0.540, 0.858, 0.654 என்று மேலும் கீழும் துள்ளி, 0.739-இல் வந்து நிற்கும். இரண்டாம் வகைக்கெழு 1 + சைன் க அங்கே மிகை எண், ஆகவே சிறுமம். மதிப்பு சுமார் −0.400. இப்படி அழுத்துவது எல்லாச் சமன்பாட்டுக்கும் பலிக்காது. நியூட்டன்–ராப்சன் முறை பெரும்பாலும் இதைவிட வேகமாக விடைக்குப் போகும். கால்குலேட்டர் பாகை நிலையில் இருந்தால் 0.9998 என்று வேறு ஏதோ வந்து நிற்கும். சைனை வகையிட்டால் காஸ் என்பதே ரேடியனில் மட்டும்தான் உண்மை.

இரண்டு மாறிகள் இருந்தால்?

க, ச என்று இரண்டு மாறிகள் என்றால் இரண்டு பகுதி வகைக்கெழுக்களையும் (ஒரு மாறியை மாறிலியாக வைத்து மற்றதைப் பொறுத்து வகையிட்டவை) 0 ஆக்க வேண்டும். இங்கே புதிதாக ஒரு வகை முளைக்கும்: க² − ச²-க்கு (0, 0)-இல் இரண்டும் 0; ஆனால் க திசையில் நடந்தால் அது சிறுமம், ச திசையில் நடந்தால் பெருமம். இதைச் சேணப் புள்ளி என்பார்கள். பிரித்தறிய, க-வைப் பொறுத்த இரண்டாம் வகைக்கெழுவையும் ச-வைப் பொறுத்ததையும் பெருக்கி, கலப்பு வகைக்கெழுவின் (க-வைப் பொறுத்து ஒருமுறை, ச-வைப் பொறுத்து ஒருமுறை வகையிட்டது) வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். வருவது குறை எண் என்றால் சேணப் புள்ளி. மிகை எண் என்றால் க-வைப் பொறுத்த இரண்டாம் வகைக்கெழுவின் குறி பெருமமா சிறுமமா என்று சொல்லும். 0 என்றால் சோதனை பேசாது.

அப்படி 0 வந்தால், புள்ளி வழியாகப் போகும் ஒவ்வொரு நேர்கோட்டிலும் சோதித்துப் பார்த்தால் போதுமா?

போதாது. இத்தாலியரான பியானோ 1884-இலேயே இதற்கு எதிர்க்காட்டு கொடுத்துவிட்டார். அந்த வகையைச் சேர்ந்த ஒன்று: (ச − க²)(ச − 3க²). (0, 0)-இல் மதிப்பு 0. ச = மக (ம என்பது சாய்வு) என்ற கோட்டில் நடந்தால் க²(ம − க)(ம − 3க) வரும்; ம 0 இல்லை என்றால், க சிறிதாக இருக்கும்வரை இது மிகை எண். ம = 0 என்றால் 3க⁴, அதுவும் மிகை. செங்குத்தாக நடந்தால் ச², அதுவும் மிகை. எந்தக் கோட்டில் போனாலும் (0, 0) சிறுமம் போலவே காட்டும். இப்போது ச = 2க² என்ற பரவளையத்தில் நடந்து பாருங்கள்: (க²)(−க²) = −க⁴, குறை எண். (0, 0)-க்கு எவ்வளவு அருகே போனாலும் அதைவிடச் சிறிய மதிப்பு இருக்கிறது. அது சிறுமமே இல்லை. இந்த மாதிரி இடத்தில் கோவையைக் காரணிப்படுத்தி, எந்தப் பகுதியில் மிகை, எந்தப் பகுதியில் குறை என்று தளத்தில் வரைந்து பார்ப்பதுதான் வழி. இங்கே ச = க², ச = 3க² என்ற இரண்டு பரவளையங்களுக்கு நடுவில் இருக்கும் ஒடுங்கிய பட்டைதான் குறைப் பகுதி.